கணினிமயமான மகிழுந்தும் பராமரிப்பும்

1985ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா விற்பனைக்கு வந்தது. அதன் இயந்திரத்தில் எரிபொருளையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர் என்னும் கருவி. திருப்புளியும் சற்று அனுபவமும் இருந்தால், உரிமையாளரே அதைச் சரிசெய்துவிடலாம்.

இன்றைய மகிழுந்துகளில் அவ்வேலையைக் கணினி கவனிக்கிறது. உணர்கருவிகள் அனுப்பும் தகவல்களைக் கொண்டு, எரிபொருளின் அளவை அது முடிவு செய்கிறது. இதனால் எரிபொருள் மிச்சமாகிறது, நச்சுப்புகையும் குறைகிறது. ஆனால், கோளாறு ஏற்பட்டால் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டறிவது கடினம்.

எனினும், கணினியே கோளாற்றைக் குறியீடாகப் பதிவு செய்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், பலகையின் அடியிலுள்ள இணைப்பில் சிறிய கருவியைச் செருகினால் அக்குறியீட்டைப் படிக்கலாம். எடுத்துக்காட்டாக, 'பி0301' என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். அதற்குத் தேய்ந்த ஸ்பார்க் பிளக் காரணமாகலாம். வேறு பாகமும் காரணமாகலாம். குறியீடு அறிகுறியைத்தான் சொல்லும். காரணத்தை மனிதரே ஆராய வேண்டும். ஆராயாமல் பாகங்களை மாற்றினால் பணம் வீணாகும்.

டயரின் காற்றழுத்தம், இயந்திர எண்ணெயின் அளவு, கண்ணாடித் துடைப்பான் ஆகியவற்றை உரிமையாளர் இன்றும் தாமே கவனிக்கலாம். ஆனால், விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப்பை, மின்சார மகிழுந்தின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பி ஆகியவற்றைத் தொடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

தம் வாகனத்தை ஓரளவு அறிந்தவர், பட்டறையில் எந்தப் பாகத்தை ஏன் மாற்றுகிறார்கள் என்று தயங்காமல் கேட்பார்.