நட்சத்திரம் அணையும் நொடி: விண்மீன் மறைப்பைப் பதிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஒரு பனிப்பாறையின் குறுக்களவை வீட்டு மொட்டைமாடியிலிருந்து அளக்கலாம். எட்டு அங்குல டெலஸ்கோப், ஒரு கேமரா, துல்லியமான நேரம், இவை போதும். அந்தப் பாறை உங்கள் கண்ணில் படவே படாது. தெரிவதெல்லாம் அதற்குப் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் ஒரு நட்சத்திரம்தான். பாறை குறுக்கே வந்ததும் அது சட்டென்று அணையும். சில நொடி கழித்து மீண்டும் எரியும். அந்த இடைவெளியை அளப்பதுதான் வேலை.

நிழலின் கணக்கு

நட்சத்திர ஒளி நம்மிடம் இணைக்கதிர்களாக வந்து சேர்வதால், பூமியில் விழும் நிழல் பாறையின் அளவிலேயே இருக்கும். 800 கி.மீ. பாறைக்கு 800 கி.மீ. அகல நிழல். வயல்மேல் ஓடும் மேக நிழலைப் போல அது ஊர்களைக் கடந்து போகும். வேகம் மட்டும் பெரும்பாலும் வினாடிக்கு 20 கி.மீ. அளவில் இருக்கும். உங்கள் இடத்தில் நட்சத்திரம் 15 நொடி மறைந்தால், பாறையின் குறுக்கே 300 கி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டை அளந்துவிட்டீர்கள். இதை நாண் என்பார்கள். ஒரே நாணை வைத்து உருவத்தைச் சொல்ல முடியாது. நிழல்பாதையின் குறுக்கே பலர் பரவி நின்று அளந்தால்தான் விளிம்பு தெரியவரும்.

2020 ஆகஸ்ட் 8 அன்று 2002 எம்எஸ்4 என்ற பாறை ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா எங்கும் 116 டெலஸ்கோப்புகள் காத்திருந்தன. 61 இடங்களில் மறைப்பு பதிவானது. காத்திருந்தவர்களில் பலர் பகலில் வேறு தொழில் பார்க்கும் அமெச்சூர்கள். பாறையின் குறுக்களவு 800 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. விளிம்பில் 300 கி.மீ.க்கு மேல் அகலமான ஒரு பள்ளமும் தெரிந்தது! எந்த விண்கலமும் போகாத இடம் அது. மலையுச்சியில் நாலைந்து பெரிய தொலைநோக்கிகள் இருந்து பயனில்லை. நாண்கள் இவ்வளவு நெருக்கமாக விழ ஆள்பலம்தான் வேண்டும்.

படி 1: முதலில் நேரம், பிறகு லென்ஸ்

புதிதாக வருகிறவர்கள் பணத்தையெல்லாம் பெரிய கண்ணாடியில் போட்டுவிட்டு, நேரத்தை லேப்டாப் கடிகாரத்திடம் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கி.மீ. வேக நிழலில் அரை நொடி பிழை 10 கி.மீ. பிழையாகிவிடும். உங்கள் நாண் பக்கத்து ஊர்க்காரரின் நாணோடு பொருந்தாது.

ஜி.பி.எஸ். நேரம்தான் நம்பகமானது. ஒவ்வொரு பிரேமிலும் நேரத்தை அச்சிடும் சிறு கருவிகள் உண்டு, ஜி.பி.எஸ். உள்ளேயே பொருத்திய கேமராக்களும் கிடைக்கின்றன, விலைதான் அதிகம். இணையம் வழியாக லேப்டாப் கடிகாரத்தைச் சரிசெய்து தொடங்கலாம். ஆனால் கேமராவிலிருந்து கணினிக்குப் படம் வந்துசேர ஆகும் தாமதம் அதில் ஒளிந்திருக்கும். அதை அளந்து கழிக்காமல் அறிக்கை அனுப்பாதீர்கள்.

படி 2: கருவிகள்

டெலஸ்கோப் ஆறு முதல் பத்து அங்குலம், கருப்பு வெள்ளை கேமரா, நட்சத்திரத்தைப் பின்தொடரும் மோட்டார் தாங்கி. வண்ணக் கேமரா வேண்டாம். அதன் வடிகட்டிகள் ஒளியைத் தின்றுவிடும்.

படி 3: நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

ஆக்கல்ட்வாட்சர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால், வரும் வாரங்களில் அருகில் போகும் நிழல்களைப் பட்டியலிடும். தொலைதூரப் பாறைகளுக்குப் பாரிஸ் வானியலாளர்கள் முன்னின்று நடத்தும் லக்கி ஸ்டார் திட்டத்தின் கணிப்புகளைப் பாருங்கள்.

கையா விண்கலத்தின் நட்சத்திரப் பட்டியல்கள் வெளிவந்த பிறகு இந்தக் கணிப்புகள் பெரிதும் மேம்பட்டன. நட்சத்திரத்தின் இடம் இப்போது நன்றாகத் தெரியும். பாறையின் இடத்தில்தான் சந்தேகம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் 40 மடங்கு அப்பால், ஆர்க்செகண்ட் என்ற நுண்கோண அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலே நிழல் 29 கி.மீ. தள்ளிப்போகும். ஆகவே தொடக்கத்தில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களில் கைபழகுங்கள். வாய்ப்புகள் அடிக்கடி வரும், பாதையும் உறுதியாக இருக்கும். 11 அல்லது 12ஆம் பிரகாச எண்ணுக்குள் உள்ள நட்சத்திரம், இரண்டு நொடிக்கு மேல் நீடிக்கும் மறைப்பு, வானில் 30 பாகைக்கு மேல் உயரம்: முதல் முயற்சிக்கு இவை போதும்.

படி 4: இடம்

மொட்டைமாடி நிழல்பாதைக்குள் இல்லையென்றால் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். 2017 ஜூலை 17 அன்று அரோகோத் என்ற சிறு பாறையின் நிழலைப் பிடிக்க நாசா குழு அர்ஜென்டினாவின் படகோனியாவில் 24 டெலஸ்கோப்புகளை வரிசையாக நிறுத்தியது. காற்று பலமாக அடித்ததால் லாரிகளை மறைப்பாக நிறுத்தினார்கள். வாகன வெளிச்சம் படாமலிருக்க உள்ளூர் நிர்வாகம் நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடியது. ஐந்து டெலஸ்கோப்புகளில் மட்டும் நட்சத்திரம் மறைந்தது. அந்த ஐந்து நாண்களே பாறை ஒற்றை உருண்டையல்ல என்று காட்டிவிட்டன. 2019 ஜனவரி 1 அன்று அதைக் கடந்துபோன நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படங்களில் ஒட்டிக்கொண்ட இரு மடல்கள் தெளிவாகத் தெரிந்தன.

நமக்காக யாரும் நெடுஞ்சாலையை மூடப்போவதில்லை. காற்று அடங்கிய, தெருவிளக்கு நேராகப் படாத இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். நில உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒத்திகை

முந்தைய இரவு அதே நேரத்தில் அதே நட்சத்திரத்தைத் தேடிப் பிடியுங்கள். மங்கலான நட்சத்திரத்தை அடையாளம் காண்பதுதான் பலருக்குச் சறுக்கும் இடம். கேமராவின் எக்ஸ்போஷரையும் அன்றே முடிவுசெய்யுங்கள்: நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு நீளமாக, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.

படி 6: அந்த இரவு

ஒரு மணி நேரம் முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். படச்சட்டத்துக்குள் இன்னொரு நட்சத்திரமும் இருக்குமாறு பாருங்கள். இரண்டும் சேர்ந்து மங்கினால் மேகம். ஒன்று மட்டும் அணைந்தால் மறைப்பு.

சிறுகோளுக்குக் கணித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் பதிவுசெய்தால் போதும். தொலைதூரப் பாறைக்கு அது போதாது. குவாவார் என்ற குறுங்கோளின் வளையம் அதன் மையத்திலிருந்து சுமார் 4,100 கி.மீ. தள்ளி இருக்கிறது; 20 கி.மீ. வேகத்தில் அது நடுநேரத்துக்கு மூன்றரை நிமிடம் முன்னும் பின்னும் வரும். 2023இல் அந்த வளையத்தை அறிவித்த ஆய்வில் ஆஸ்திரேலிய அமெச்சூர்களின் பதிவுகளும் இடம்பெற்றன. ஆகவே பத்து நிமிடமாவது முன்னும் பின்னும் ஓடவிடுங்கள்.

நம் ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1977 மார்ச் 10 அன்று ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதற்காகக் காத்திருந்தார்கள். கோளுக்கு வெளியே சில நொடி ஒளி குறைந்தது. புதிய துணைக்கோள் என்று முதலில் எழுதினார்கள். அன்றிரவு அமெரிக்க விமான ஆய்வகம் ஒன்றும் அதே நட்சத்திரத்தைப் பார்த்திருந்தது. எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெரிந்தது. ஒரு பதிவின் முழுப் பொருள் பிறகுதான் புரியக்கூடும் என்பதால் மூலப்பதிவை அழிக்காதீர்கள்.

படி 7: அளந்து அனுப்புதல்

டாங்ரா அல்லது பைமூவியில் காணொளியைத் திறந்து ஒவ்வொரு பிரேமிலும் நட்சத்திரத்தின் ஒளியை அளந்தால் ஒளி வரைபடம் கிடைக்கும். அது சரிந்த நேரம், எழுந்த நேரம், இரண்டின் பிழை வரம்பு ஆகிய மூன்றும் அறிக்கைக்கு வேண்டும். மறைப்புகளை ஒருங்கிணைக்கும் ஐயோட்டா என்ற சர்வதேச அமைப்புக்கு அதற்கான படிவம் இருக்கிறது.

நட்சத்திரம் அணையவே இல்லையா? அதையும் கட்டாயம் அனுப்புங்கள். உங்களுக்கு 30 கி.மீ. தெற்கே ஒருவருக்கு மறைந்து, உங்களுக்கு மறையவில்லை என்றால், பாறையின் விளிம்பு அந்த 30 கி.மீ.க்குள் முடிகிறது என்று பொருள். உங்கள் வெற்றுப் பதிவு இல்லாவிட்டால் உருவத்தை அந்தப் பக்கம் எவ்வளவு தூரமும் நீட்டி வரைந்துவிடலாம். மேகத்தால் பார்க்க முடியாமல் போனால் மட்டும் அப்படியே எழுதுங்கள். அதை 'மறையவில்லை' என்ற கட்டத்தில் குறித்துவிடாதீர்கள்.