பழுத்துப்போன பின் ஜன்னல்

கேள்வி: டெல்லியில் மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறேன். துணிக் கூரையின் பிளாஸ்டிக் பின் ஜன்னல் பழுத்து, மடிப்பில் கீறிவிட்டது. கூரையையே மாற்றச் சொல்கிறார்களே?

பதில்: துணி திடமாக இருந்தால் அந்தச் செலவு தண்டம். ஜன்னல் வெறும் பி.வி.சி. ஷீட்தான், வெயிலில் பழுக்கும், ஜனவரிக் குளிரில் விறைத்து, மடித்த இடத்தில் உடையும். கரோல் பாக், காஷ்மீரி கேட் பக்கம் சீட் கவர் தைப்பவர்களிடம் கூரையைக் கழற்றிக்கொண்டு போங்கள். பழைய ஜன்னலைத் தூக்கிப் போடாமல், அதை வைத்தே புதியதை அளவெடுக்கச் சொல்லுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும். தையலை ரொம்ப நெருக்கிப் போட விடாதீர்கள். ஊசித் துளைகள் நெருங்கினால் ஷீட் தபால்தலை மாதிரி வரிசையாகக் கிழியும். சிலர் பெட்ரோல் தொட்டுத் துடைப்பார்கள். ஷீட்டுக்கு அதுதான் எமன். சோப்புத் தண்ணீர் போதும். குளிர்காலத்தில் ஜன்னலைச் சுருட்டும் முன் வண்டியைச் சற்று வெயிலில் நிறுத்துங்கள்.