முன்பாரமும் பின்பாரமும்

அமெரிக்க நாட்டில் கோடை விடுமுறைக் காலத்தில், மகிழுந்தின் பின்னே சிறு வீடொன்றை இணைத்து இழுத்துச் செல்லும் குடும்பங்களைப் பெருஞ்சாலைகளில் காணலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அமைந்த அச்சிறு வீட்டைப் பயண டிரெய்லர் என்பர். 1930களிலேயே இவ்வழக்கம் அங்குப் பரவியிருந்தது. வாலி பயாம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிளிப்பர்' என்னும் அலுமினிய டிரெய்லர் புகழ்பெற்றதாகும்.

மகிழுந்தையும் டிரெய்லரையும் பிணைப்பது ஓர் இரும்புக் குமிழ். அது மகிழுந்தின் பின்புறக் கொக்கியில் பொருத்தப்பட்டிருக்கும். டிரெய்லரின் முன்னே நீண்டிருக்கும் தண்டினை 'நாக்கு' என்பர். அதன் நுனியில் உள்ள கிண்ணம் குமிழின்மீது அமர்ந்து பூட்டிக்கொள்ளும். அங்கு வழங்கும் குமிழ்கள் பெரும்பாலும் 1 7/8, 2, 2 5/16 அங்குல விட்டம் உடையவை. கிண்ணத்தின் அளவும் குமிழின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். குமிழ் சிறிதாயின், மேடு பள்ளங்களில் கிண்ணம் எழும்பிக் கழன்றுவிடக்கூடும்.

பிணைப்பு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. பாரமும் சமனாக இருத்தல் வேண்டும். இதனை நம் முன்னோர் மாட்டுவண்டியில் நன்கு அறிந்திருந்தனர். மூட்டைகளை முன்பக்கம் மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்பக்கம் மிகுதியாக அடுக்கினால் ஏர்க்கால் மேலெழும்பும், அது பின்பாரம். வண்டியோட்டி இவ்விரண்டுக்கும் இடையே பாரத்தைச் சரிசெய்த பின்னரே புறப்படுவார்.

டிரெய்லருக்கும் இதே விதி பொருந்தும். அதன் மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு வரை நாக்கின் வழியே குமிழின்மீது அழுத்த வேண்டும். மிகுந்தால் மகிழுந்தின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். குறைந்தாலோ, விரைவாகச் செல்லும்போது டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அவ்வாட்டம் முற்றினால் மகிழுந்தையும் கவிழ்த்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குடும்பத்தினரின் டிரெய்லர் 2000 கிலோ எடை உடையது. நாக்கின் எடை 220 கிலோ. இது 100க்கு 11 பங்கு; ஆகவே சரியான அளவு. அவர்கள் டிரெய்லரின் பின்புறத்தில் மிதிவண்டித் தாங்கி ஒன்றைப் புதிதாகப் பொருத்துகின்றனர். தாங்கி 12 கிலோ; நான்கு மிதிவண்டிகள் 48 கிலோ; ஆக 60 கிலோ. அத்தாங்கி அச்சிலிருந்து 3 மீட்டர் பின்னே உள்ளது. குமிழோ அச்சிலிருந்து 4 மீட்டர் முன்னே உள்ளது. பூங்காவில் சிறுவர் இருபுறமும் அமர்ந்து ஏறி இறங்கும் பலகையைப் போல, பின்னே ஏறிய பாரம் முன்னே உள்ள நாக்கை மேலே தூக்கும். தூக்கும் அளவு 60 × 3 ÷ 4 = 45 கிலோ. இப்போது மொத்த எடை 2060 கிலோ. நாக்கின் எடை 175 கிலோ. அஃதாவது 100க்கு ஏறத்தாழ 8½ பங்கே. நான்கு மிதிவண்டிகள் ஒரு பாதுகாப்பான வண்டியை ஆபத்தான வண்டியாக மாற்றிவிட்டன.

இதற்குத் தீர்வும் எளிதே. அச்சுக்கு 1 மீட்டர் பின்னே வைத்திருந்த 60 கிலோ பொருள்களை அச்சுக்கு 2 மீட்டர் முன்னே மாற்றினால், நாக்கின் எடை மீண்டும் 220 கிலோவாகும். தண்ணீரையும் மறத்தல் ஆகாது. 1 லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 கிலோ. ஆதலின் தொட்டி எங்கே உள்ளது, நிரம்பியுள்ளதா என்பனவற்றையும் கணக்கிட வேண்டும்.

கொக்கியை மாற்றியமைப்போரும் இவ்வாறே எண்ணிப் பார்த்தல் வேண்டும். குமிழின் உயரத்தை மாற்றினால் டிரெய்லர் சமதளமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கியை நீட்டிக்கும் குழாயைச் செருகினால் அது தாங்கும் எடை குறையும். நாக்கின் எடை மிகுந்த டிரெய்லர்களுக்கு வில்தண்டுகள் பொருத்திய கொக்கி உண்டு. அது பாரத்தின் ஒரு பகுதியை மகிழுந்தின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும். 

எல்லாம் சரியாக இருந்தும் பிணைப்பு கழன்றால் என் செய்வது? அதற்காகவே இரண்டு சங்கிலிகள் நாக்கின் அடியில் குறுக்காக மாட்டப்படுகின்றன. நாக்கு கழன்று விழுந்தாலும் தரையில் குத்தாதபடி அவை தொட்டில்போல் தாங்கும். பழந்தமிழ் உப்பு வணிகரும் மேடு பள்ளங்களில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதன் பெயர் சேம அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இதனைக் குறிப்பிடுகிறார்.

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் கருத்து. எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு எங்கே ஏற்றுகிறோம் என்பதையும் அறிந்து புறப்படுபவரே பத்திரமாக வீடு திரும்புவர்.

சொற்பொருள்

நுகத்தடி – மாடுகளின் கழுத்தில் வைக்கும் தடி
ஏர்க்கால் – வண்டியிலிருந்து நுகத்தடிவரை நீளும் மரம்
சேமம் – பாதுகாப்பு

பயிற்சி

1. முன்பாரம், பின்பாரம் – வேறுபாடு தருக.
2. தாங்கியில் இரண்டு மிதிவண்டிகள் மட்டும் இருந்தால் நாக்கின் எடை எவ்வளவு குறையும்? கணக்கிடுக.
3. பாதுகாப்புச் சங்கிலியையும் சேம அச்சையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
4. மாட்டுவண்டியின் உறுப்புகளின் பெயர்களை உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருக.