பதினெட்டு வயதும் தந்தையின் ஆணையும்

கேள்வி: எனக்கு வயது பதினேழு வருடம் பத்து மாதம். நான் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம்; எனக்கோ வரலாறு படிக்கத்தான் ஆசை. அந்தக் கோபத்தில் நீட் தேர்வில் ஒரு கேள்விக்கும் விடை எழுதாமல் வந்துவிட்டேன். இப்போது மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். நாமக்கல் கோச்சிங் சென்டரில் இன்னும் ஒரு வருடம் படிக்காவிட்டால் ஒரு பைசா தரமாட்டேன் என்கிறார். தோழி வீட்டுக்குப் போய்விடலாமா? சான்றிதழ்களை எப்படி வாங்குவது? ஃபீஸ் கட்ட வேண்டும் என்று சட்டம் அப்பாவிடம் சொல்லுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அம்மா, பதினெட்டு வயது பூர்த்தியாகும் தினம் புலர்ந்தவுடனேயே ஒருவர் மேஜராகிவிடுகிறார் என்பது 1875-ஆம் வருஷத்து மேஜர் வயதுச் சட்டத்தின் விதி; அதுவரையில், உங்கள் குடும்பம் இந்து சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டால், 1956-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டப்படி தந்தையாரே இயற்கைப் பாதுகாவலர். ஆனால் அவ்வதிகாரம் நிலபுலன்களின் மேல் ஒருவருக்குள்ள பாத்தியதையைப் போன்றதன்று. மைனரின் க்ஷேமத்தின் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு அது.

தோழியின் வீட்டுக்குப் போகும் யோசனையை இவ்விரண்டு மாதங்களுக்கு முற்றிலும் கைவிடுங்கள். பதினெட்டு நிரம்பாத ஒருவரைப் பாதுகாவலரின் சம்மதமின்றி அழைத்துச் செல்வதும் ஆசை காட்டி வரவழைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதையின் 137-ஆவது பிரிவின்படி ஆட்கடத்தலாகும். சென்னையில் எழுந்த வரதராஜன் வழக்கில், பதினெட்டை எட்டும் நிலையிலிருந்த கல்லூரி மாணவி ஒருவர் நன்கறிந்து தாமாகவே வீட்டை விட்டு வெளியேறியிருக்க, அவருடன் சென்றவரைக் கடத்தியவராகக் கொள்ள முடியாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது உண்மையே. எனினும் அந்த விடுதலையைப் பெற அவர் உச்ச நீதிமன்றம் வரையில் போக நேர்ந்தது. உங்களுக்கு அன்போடு இடங்கொடுக்கும் ஒரு குடும்பத்தை அத்தகைய சங்கடத்தில் ஆழ்த்துவது தர்மமாகாது.

மேஜரான பிறகு நிலைமை வேறு. தாயும் தந்தையும் பிரிந்து வாழ, குவைத்தில் தந்தையிடம் இருந்து தன் எதிர்காலத்தைத் தேடிக்கொள்ள விரும்பிய பதினெட்டு வயது மகளின் பொருட்டுக் கேரளத்துத் தாய் ஒருவர் தொடுத்த வழக்கில், தாயின் பாசமோ தந்தையின் அகந்தையோ எதுவாயினும் அதன் பொருட்டு நீதிமன்றம் பாதுகாவலருக்கெல்லாம் மேலான பாதுகாவலராகத் தன்னைப் பாவித்துக்கொண்டு மேஜரான மகளின் சுதந்திரத்தில் தலையிட இயலாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக உரைத்தது.

சான்றிதழ்கள் உங்களுடையவை. அவற்றைத் தர மறுத்தால், மேஜரான பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்கும் மேல் சிவில் வழக்கு உண்டு. ஆனால் சான்றிதழ் தொலைந்துவிட்டதாகப் போலீஸில் எழுதிக்கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளும்படி யாரேனும் யோசனை கூறினால் கேளாதீர்கள். பீரோவில் இருப்பதைத் தொலைந்ததென்பது பொய் வாக்குமூலம், அதன் விளைவு உங்களையே சாரும். விண்ணப்பத்துக்கு வேண்டிய மதிப்பெண் விவரத்தை டிஜிலாக்கரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிய கேள்விக்குச் சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தில் பராமரிப்பு என்பது உணவு, உடை, உறைவிடங்களோடு கல்வியையும் உள்ளடக்கியது. தன் சம்பாத்தியத்தாலும் சொத்தாலும் ஜீவிக்க இயலாத மகளுக்கு அவ்வுரிமை விவாகம் ஆகும் வரையில் நீடிக்கிறது என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. அச்சட்டப்படி ஆண்பிள்ளையின் உரிமை மைனர் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் தொகையை நிர்ணயிப்பது நீதிபதியின் விவேகத்தைச் சார்ந்தது. இன்ன பாடத்துக்கு இன்ன கட்டணம் என்று நீங்கள் கேட்டபடியே உத்தரவாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கட்டணம் மிகக் குறைவான அரசு கலைக் கல்லூரியில் இடம் தேடுவது உங்கள் கோரிக்கைக்கும் வலு சேர்க்கும்.

நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்ல வேண்டும். விடை எழுதாமல் வந்தது குற்றமன்று. ஆனால் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டிய மறுப்பை வெற்று விடைத்தாள் சொல்லும் என்று நீங்கள் நினைத்திருக்க, அது தந்தையாருக்கு உங்கள் விருப்பத்தையன்றித் தோல்வியை மாத்திரமே தெரிவித்தது. ஆதலால்தான் அவர் இன்னும் ஒரு வருஷப் பயிற்சி என்கிறார். எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், பட்டத்துக்குப் பின் என்ன உத்தியோகம் என்பதையெல்லாம் விவரமாய் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

அதன் பின்னும் அவர் மனம் இளகாவிட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குத் தொடுக்கும் முன்னரே இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேச அங்கே வழியுண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இவ்வுதவி இலவசம். தொலைபேசி எண் 15100. கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள் போங்கள். முடிந்தால் தாயாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.