அழிக்க வேண்டியது ஒரே ஓர் எண்தானா?

கேள்வி: டிரைவர் எழுதும் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் பழைய கோடில் பல ஸ்ட்ரக்ட்களின் கடைசி வரியில் [1] அல்லது [0] என்று ஓர் அரே இருக்கிறது. எல்லாவற்றையும் வெறும் [] ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். எண்ணை அழிப்பது அரை நாள் வேலைதான். ஆனால் இத்தனை வருடம் ஒழுங்காக ஓடுவதை ஏன் தொட வேண்டும்? லினக்ஸ் கர்னலில் வி.எல்.ஏ.வை ஒழித்துவிட்டார்கள் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. வி.எல்.ஏ. என்பது ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் லோக்கல் அரே. அதன் அளவு புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும், இடமோ ஸ்டாக்கில். கர்னல் ஸ்டாக் மிகச் சிறியது என்பதால் 2018 இறுதியில் வந்த 4.20 பதிப்போடு அதற்கு விடை கொடுத்தார்கள். உங்களுடையது ஸ்ட்ரக்டின் வால். தலைப்பகுதியில் எண்ணிக்கை, அதைத் தொடர்ந்து அத்தனை உறுப்புகள். இதை எழுத அந்தக் காலத்து சி மொழியில் முறையான வழி இல்லாததால் [1] என்று எழுதி அதைத் தாண்டிப் படித்தார்கள். ஜிசிசி [0]-வையும் அனுமதித்தது. சி99 தரம்தான் [] என்ற முறையான வடிவத்தைக் கொடுத்தது.

ஓடுவதை ஏன் தொட வேண்டும்? கம்பைலர் மாறிவிட்டது, அதனால்தான். முன்பெல்லாம், பழைய பழக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஸ்ட்ரக்டின் கடைசியில் [16] என்று தெளிவாக எழுதியிருந்தாலும் ‘இதுவும் நீளலாம்’ என்றே அது எடுத்துக்கொள்ளும். எல்லை தெரியாததால் மெம்காப்பி எல்லை மீறுகிறதா என்ற சோதனையும் அங்கே வேலை செய்யாது. ஜிசிசி 13, கிளாங் 16 இரண்டிலும் இதைக் கறாராக்கும் ஆப்ஷன் வந்தது. [] மட்டுமே நீளும், மற்றவை எழுதிய அளவோடு நிற்கும். 2023இல் லினக்ஸ் 6.5 அதை இயக்கிவிட்டது. ஆக, [1] என்றால் இப்போது நிஜமாகவே ஒன்று.

[0]-விலும் ஆபத்து உண்டு. பின்னால் ஒருவர் வந்து அதற்குக் கீழே இன்னொரு ஃபீல்டைச் சேர்த்தால் கம்பைலர் வாயே திறக்காது, இரண்டும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 2019இல் ஒரு நெட்வொர்க் டிரைவரில் இப்படி நடுவில் மாட்டிய [0] ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். [] கடைசியில் இல்லாவிட்டால் கம்பைலே ஆகாது.

இனி உங்கள் ‘அரை நாள்’. ஒரு ஸ்ட்ரக்டில் 4 பைட் எண்ணிக்கையும், 4 பைட் உறுப்புகள் கொண்ட [1] அரேயும் இருக்கின்றன என்று வையுங்கள். சைஸ்ஆஃப் 8. ஐந்து உறுப்புக்கு இடம் கேட்கும்போது பழைய ஆள் 8-உடன் (5−1)×4 கூட்டி 24 என்று சரியாகவே எழுதியிருப்பார். நீங்கள் அந்த ஒன்றை அழித்ததும் சைஸ்ஆஃப் 4 ஆகிவிடும். ‘மைனஸ் ஒன்று’ மட்டும் அங்கேயே இருக்கும். கிடைப்பது 20 பைட். ஐந்தாவது உறுப்பு பக்கத்து வீட்டு மெமரியில் போய் விழும். எச்சரிக்கை வராது, டெஸ்டிலும் பெரும்பாலும் தெரியாது. நானே ஒருமுறை இப்படி விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத வேறொரு மாட்யூலில் இரண்டு நாள் பிழை தேடியிருக்கிறேன்.

அதனால் கையால் கணக்குப் போடுவதையே விடுங்கள். கர்னலில் ஸ்ட்ரக்ட்_சைஸ் என்ற மேக்ரோ இருக்கிறது. பாயின்டர், அரேயின் பெயர், எண்ணிக்கை மூன்றையும் கொடுத்தால் மொத்த அளவைத் தரும். இன்னொரு லாபமும் உண்டு. 32 பிட் போர்டில் எண்ணிக்கை 107,37,41,824 என்று ஒரு கெட்ட பாக்கெட் வந்தால் அதை 4-ஆல் பெருக்கும்போது எண் சுற்றிக்கொண்டு பூஜ்யமாகிவிடும். நான்கே பைட் வாங்கி, நூறு கோடிக்கு மேல் உறுப்புகளை எழுதப் போவீர்கள். ஸ்ட்ரக்ட்_சைஸ் அங்கே இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தரும். அவ்வளவு மெமரி கிடைக்காது, அலோகேஷன் அங்கேயே தோற்றுவிடும்.

டிரைவர் என்பதால் இன்னொன்று. ஃபர்ம்வேருக்கு அனுப்பும் மெசேஜின் நீளத்தை சைஸ்ஆஃப் வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதையும் பாருங்கள். 8 பைட் முகவரி, 4 பைட் எண்ணிக்கை, பிறகு ஒரு பைட் உறுப்புகள் என்றால் [] ஆக்கிய பிறகும் சைஸ்ஆஃப் 16 என்றுதான் காட்டும். டேட்டா தொடங்குவதோ 12-ஆவது பைட்டில். நடுவே உள்ள 4 பைட் வெறும் இட்டு நிரப்பல். இத்தகைய இடங்களில் நம்ப வேண்டியது ஆஃப்செட்ஆஃப்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். எண்ணை அழிக்கும் முன் அந்த ஸ்ட்ரக்டின் பெயரோடு சைஸ்ஆஃப் வரும் எல்லா இடங்களையும் தேடிப் பட்டியல் போடுங்கள். பாஹோல் கருவியில் முன்னும் பின்னும் ஸ்ட்ரக்டின் அமைப்பைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு ஸ்ட்ரக்டுக்கு ஒரு பேட்ச். எண்ணிக்கை எந்த ஃபீல்டில் இருக்கிறது என்று கம்பைலருக்கே சொல்லும் கவுன்டட்_பை குறிப்பைக் கடைசியில் சேருங்கள். அதைச் சேர்த்த பிறகு எண்ணிக்கையை நிரப்பிவிட்டுத்தான் அரேயைத் தொட வேண்டும்.

அரை நாள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தால், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பேசுங்கள்.