செயலி மாற்றமும் மின்சிக்கனமும்

மடிக்கணினியில் உள்ள பழைய செயலியைக் கழற்றிவிட்டு, அதனினும் விரைந்து இயங்கும் மற்றொன்றைப் பொருத்துவோர் எய்தும் இடர் ஒன்றனை இப்பாடத்தில் ஆராய்வோம். செயலி என்னுஞ் சொல்லை இந்நாளில் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் வழங்குகின்றனர். ஒரே துறையில் ஒரு சொல் இரு பொருள் சுமத்தல் எனக்கு உடன்பாடன்று. ஈண்டு அச்சொல் கணிப்பொறியின் மூளை எனத்தகும் சில்லையே குறிக்கும்.

செயலி ஒவ்வொரு நொடியும் பல கோடி முறை துடித்துத் தன் வேலையைச் செய்கின்றது. துடிப்பு மிகுந்தால் வேலை விரையும். மின்செலவும் வெப்பமும் உடன் வளரும். ஆயினும், நாம் ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குக் கண்ணைச் செலுத்தும் பொழுதிலெல்லாம் செயலிக்கு வேலை யாது? படிப்பார் இல்லாதபோது விளக்கின் திரியைத் தாழ்த்தி வைக்கும் இல்லத்தரசி போல, வேலையற்ற பொழுதில் துடிப்பையும் மின்னழுத்தத்தையும் ஒருங்கே தாழ்த்தும் முறையை இன்டெல் நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில் புகுத்தினர். ஸ்பீட்ஸ்டெப் என்பது அதன் பெயர்.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. 2003-இல் வெளிவந்த பென்டியம் எம் வகையுள் ஒரு செயலியைக் காண்போம். அதன் உச்சத் துடிப்பு நொடிக்கு 160 கோடி. அப்போது வேண்டும் அழுத்தம் 1.484 வோல்ட். தாழ்ந்த நிலையில் துடிப்பு 60 கோடி, அழுத்தம் 0.956 வோல்ட். இயங்குதற்காகும் மின்செலவு, அழுத்தத்தின் வர்க்கத்தைத் துடிப்பினால் பெருக்க வரும் தொகைக்கேற்ப அமையும். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அச்செலவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைதல் புலனாகும். வாளா இருப்பினும் கசியும் மின்னோட்டம் வேறு உண்டாதலின், உச்சத்தில் 24.5 வாட் என வகுத்த அளவு தாழ்நிலையில் 6 வாட் ஆயிற்று. மின்தடை மிகுந்த ஊரில் மின்கலத்தையே நம்பி எழுதுவார்க்கு இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது!

இனி இடரைக் காண்போம். அந்நாளில் விலை குறைந்த மடிக்கணினிகள் பல செலரான் எம் என்னும் செயலியோடு விற்கப்பட்டன. பென்டியம் எம் பொருந்தும் குழியிலேயே அதுவும் பொருந்தும்; ஆனால் ஸ்பீட்ஸ்டெப் அதற்கு இல்லை. ஆதலின் சிலர் அதனை எடுத்துவிட்டுப் பென்டியம் எம்மைப் பொருத்தினர். பொறி இயங்கிற்று. ஆனால் சிலவற்றில் துடிப்பு உச்சத்திலேயே நின்று, விசிறி ஓயாது சுழன்று, மின்கலம் விரைவில் வற்றிற்று; சிலவற்றில் 60 கோடியிலேயே நின்று, காசு கொடுத்து வாங்கிய விரைவு கைக்கு எட்டாமற் போயிற்று.

காரணம் என்னை? எந்த எந்த நிலையில் எத்துணைத் துடிப்பு, எத்துணை அழுத்தம் என்னும் பட்டியலைப் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருள் இயங்குதளத்திற்கு வழங்குதல் வேண்டும். அப்பட்டியலின்வழியே இயங்குதளம் செயலியை ஏற்றி இறக்கும். திரி தாழ்த்த அறியாத செயலிக்கென எழுதப்பட்ட பயாஸில் அப்பட்டியல் எங்ஙனம் இருக்கும்? புதிய செயலியின்மீது பழி ஏற்றிக் கடைக்காரரோடு வழக்காடுவார் இதனை முதலில் உணர்தல் நலம்.

ஆராயுமிடத்து எளியதினின்று தொடங்குக. பொறியை வேலையின்றி விட்டுத் துடிப்பை அளந்து பார்க்க. பின்னர்க் கடுமையான வேலை ஒன்றனைத் தந்து மீண்டும் அளக்க. இரு பொழுதிலும் மாறாதிருப்பின், இயங்குதளத்தின் மின்சிக்கன அமைப்பை நோக்குக. விண்டோஸ் எக்ஸ்பியில் 'ஆல்வேஸ் ஆன்' என்னும் திட்டத்தைத் தெரிந்திருந்தால், யாதொரு பழுதும் இன்றியே செயலி உச்சத்தில் நிற்கும். அடுத்துப் பயாஸின் பக்கங்களில் ஸ்பீட்ஸ்டெப் அணைக்கப்பட்டுள்ளதா எனக் காண்க.

இவற்றால் தீராவிடின், புதிய செயலியை அறிந்த பயாஸ் பதிப்பைப் பொறி செய்தோர் வெளியிட்டுள்ளனரா எனத் தேடுதல் வேண்டும். அதனைப் பதிக்கும்போது மின்கலமும் நிறைந்திருக்க வேண்டும். சுவர் மின்சாரமும் இணைந்திருக்க வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் பொறி மீண்டும் எழாமலே போகலாம். புதிய பதிப்பு கிடையாதார்க்கும் ஒரு வழி இருந்தது. விண்டோஸில் ஆர்எம்கிளாக் போன்ற சிறு மென்பொருள்கள் பயாஸை எதிர்பாராது தாமே துடிப்பை மாற்றின. லினக்ஸில் அந்நாளைய ஓர் இயக்கி, முதற்பென்டியம் எம் வகைக்குரிய பட்டியலைத் தன்னகத்தே கொண்டிருந்தது. இவ்வழியில் அழுத்தத்தை மிகக் குறைத்தால் பொறி உறைந்து நிற்கும், மிகுத்தால் சுடும்.

மற்றொன்றும் உண்டு. செயலிக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்திற்கும் இடையே பூசும் பசை சீராக இல்லையெனின், சில்லு கொதித்துத் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அது சிக்கனம் அன்று. வேலையற்ற பொழுதில் மெதுவாதல் சிக்கனம். கடும் வேலையினிடையே மெதுவாதல் வெப்பத்தின் அறிகுறி. ஆதலின் துடிப்போடு வெப்பநிலையையும் உடன் அளத்தல் வேண்டும். இந்நாளைய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலால் மாற்றும் வாய்ப்பே அரிது. குழியில் பொருந்தும் செயலியுடைய பழைய பொறிகளைப் போற்றி வைத்திருப்பார்க்கே இவ்வாராய்ச்சி இன்றும் பயன்படும்.