காய்ச்சலுக்கு எத்தனையாவது நாள்?

அன்புள்ள மகளுக்கு,

உன் டெங்கு ஆய்வேட்டை அறந்தாங்கி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். இதே பிழையை வேறு பல ஆய்வேடுகளிலும் பார்த்துவிட்டதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எலைசா சோதனை, ஐஜிஎம் எதிர்ப்பொருள் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் அட்டவணைக்கு வருகிறேன். வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, தட்டணு எண்ணிக்கை இருக்கிறது. ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பது மட்டும் இல்லை. எப்படியம்மா விட்டாய்? முதல் மூன்று நாளில் வைரஸின் என்எஸ்1 புரதம்தான் தெரியும், ஐஜிஎம் பெரும்பாலும் தலைகாட்டாது. ஒரு வாரம் ஆனால் நிலைமை தலைகீழ். நீயோ ஐஜிஎம் வராத எல்லோரையும் 'டெங்கு இல்லை' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டாய். இரண்டாம் நாளே ஓடிவந்த குழந்தையும் பத்தாம் நாள் வந்த பெரியவரும் உன் கணக்கில் ஒன்று.

'நோயாளிகளின் நினைவு நம்பத்தக்கதல்ல' என்று வேறு எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது இந்த வரியில்தான். ஆலங்குடிப் பக்கத்துப் பெண்ணிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றால் "ரெண்டு மூணு நாளா" என்பாள். "நூறு நாள் வேலைக்குப் போனியா தாயி? அன்னைக்கே உடம்பு சுட்டுச்சா?" என்று கேட்டுப் பார். காலையா மாலையா என்பதுகூட வரும். அவர்களுக்கு நினைவு இருக்கிறது. நாம் கேட்கும் விதத்தில்தான் பழுது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2006இல் சிக்குன்குன்யா வந்தபோது ஒரு கிராமத்தில் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்தேன். குழாய்களில் பெயரும் வயதும் எழுதினேன், காய்ச்சல் நாளை எழுதவில்லை. முடிவு வந்தபோது ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாற்பது பேரைக் குத்தியது வீண்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். என் அத்தை மட்டும் நிமிர்ந்து நடந்து எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். 1964இல் சென்னையில் இதே காய்ச்சல் பரவியபோது அவர் வண்ணாரப்பேட்டையில் குடியிருந்தார். அப்போது மூட்டெல்லாம் வீங்கி மாதக் கணக்கில் படுத்தாராம். ஒரே ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது, தெரியும். ஆனாலும் 42 வருஷத்துக்கு முந்தைய வைரஸை அவர் உடம்பு மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். டெங்குவில் இந்த ஞாபகமே சில சமயம் எதிராகத் திரும்பும். அதில் நான்கு வகை. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பொருள், வேறு வகை வரும்போது அதை உயிரணுவுக்குள் நுழைய விட்டுவிடலாம். பாங்காக் குழந்தைகளைப் பார்த்து 1960களிலேயே ஹால்ஸ்டெட் என்ற ஆய்வாளர் இதைச் சொன்னார். 'முன்பு இப்படிக் காய்ச்சல் வந்ததுண்டா' என்ற கேள்வியும் உன் படிவத்தில் இல்லை.

ஆய்வேடுதானே என்று நினைக்காதே. இந்தியாவில் எச்ஐவி இருப்பது ஓர் ஆய்வேட்டில்தான் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனிடம் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் தானே போய் ரத்தம் எடுத்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் எச்ஐவி இருப்பதைக் காட்டி மஞ்சளாயின. அந்தப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசும்படி நிர்மலா பழகியிராவிட்டால் அந்த ரத்தம் கிடைத்திருக்குமா?

இன்னொன்று. புதுக்கோட்டை ஊருணிகளால் டெங்கு பெருகுவதாக ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். அடித்துவிடு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது சிமெண்ட் தொட்டி, டிரம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். குழாயில் தண்ணீர் தினமும் வராததால் ஜனங்கள் பிடித்து வைக்கிறார்கள். தொட்டி வற்றினாலும் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். ஏற்கெனவே தூர்ந்துகிடக்கும் ஊருணிகள்மேல் இந்தப் பழியையும் போடாதே.

இவ்வளவும் திட்டிவிட்டு, பின்னிணைப்பில் நான்காம் பக்கத்தை மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மின்சாரம் போனதால் ஓர் எலைசா தட்டு முழுவதும் கெட்டதையும், கட்டுப்பாட்டுக் குழிகள் சரியில்லாததால் அதைத் தூக்கிப்போட்டு எல்லா மாதிரிகளையும் மறுபடி ஓட்டியதையும் அப்படியே எழுதியிருக்கிறாய். ஒளிக்க நினைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருஷம் ஆய்வேடு திருத்தியிருக்கிறேன், இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்ததில்லை. என் மாணவர்களில் யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். நானும்தான்.

கேஸ் ஷீட்டில் முதல் நாள் டியூட்டி டாக்டர் காய்ச்சல் நாளைக் குறித்திருப்பார். ரெக்கார்டு அறையில் அனுமதி வாங்கிக் கட்டுகளை எடுத்து வைக்கச் சொல். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீ படி, நான் எழுதிக்கொள்கிறேன்.